முதலில் அந்த ஸ்டிக்கரைக் கிழித்துப் போடுங்கள்

கேள்வி: நாங்கள் திருவெறும்பூர் பக்கம் இருக்கிறோம். 2005-ல் மாமனார் கட்டிய வீடு, 850 சதுர அடி. நான் தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவருக்கு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் ஷிப்ட் வேலை. பத்து வயதில் மகள், ஆறு வயதில் மகன், வீசிங் தொந்தரவு உள்ள மாமியார். ஹால் சுவர் மங்கிப்போய் அழுக்கேறிக் கிடக்கிறது. படுக்கையறையில் ஒரு சுவர் பொரிந்து உதிர்கிறது. ஜன்னல் கம்பிகளில் பெயின்ட் உரிகிறது. சமையலறைக் கடப்பா அலமாரிகளில் இருப்பதெல்லாம் வருகிறவர்கள் கண்ணில் படுகிறது. கான்ட்ராக்டர் ஒருவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,80,000 ரூபாய் சொன்னார். எங்களால் முடிந்தது 25,000. வீடியோ பார்த்து, பொரிந்த சுவரில் செங்கல் டிசைன் ஸ்டிக்கர் ஒட்டினோம். இரண்டே மாதத்தில் அதன் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எங்களுக்கு நேரம். பொங்கலுக்குள் நாங்களே வீட்டை மாற்றிவிட முடியுமா சார்?
(ஒரு வாசகி, திருச்சி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பணக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். நேரக் கணக்கைத்தான் விட்டுவிட்டீர்கள். இப்போது ஆவணி. பொங்கல் வரை எண்ணினால் இருபது ஞாயிறு தேறும். அதில் ஆயுத பூஜை, தீபாவளி, சொந்தத்தில் ஒரு கல்யாணம், கணவருக்கு ஞாயிறு ஷிப்ட், பையனுக்குக் காய்ச்சல், உங்களுக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை, ஐப்பசி கார்த்திகை மழை எல்லாவற்றையும் கழித்தால் கையில் நிற்பது எட்டோ ஒன்பதோதான். இந்த ஒன்பது ஞாயிறை வைத்துத்தான் நான் திட்டம் போடுகிறேன்.

இருபத்திரண்டு வருஷமாகப் புது வீடு கட்டுவதும் பழைய வீட்டைச் சரிபார்ப்பதும்தான் என் பிழைப்பு. வீட்டுக்காரர்களே ஆரம்பித்துப் பாதியில் நின்ற வேலைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹாலில் பட்டி (பெயின்டுக்கு முன்னால் சுவரைச் சமன்படுத்தும் மாவு) பார்த்துவிட்டு, அது காய்வதற்குள் சமையலறையில் கை வைத்து, இரண்டும் முடியாமல் பீரோவும் கட்டிலும் மூன்று மாதம் ஹால் நடுவிலேயே நின்ற வீடுகள் உண்டு. அவர்களுக்குக் காசு தீரவில்லை, ஞாயிறு தீர்ந்துபோயிற்று. அதனால் ஓர் அறையை முடித்து மூடாமல் அடுத்த அறையைத் திறக்காதீர்கள். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தப் படுக்கையறைச் சுவரை இந்த ஞாயிறே திறந்தாக வேண்டும். பொங்கலுக்குள் அதை மூடவும் முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொங்கலன்று அந்தச் சுவர் மொட்டையாகத்தான் நிற்கும்.

ஏனென்று சொல்கிறேன். பொரிகிற சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் வெளியே வரும்போது சிமெண்டிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, மேலே வந்ததும் காய்ந்துவிடும். உப்பு அங்கே பூத்துப் பெயின்டை உந்தித் தள்ளும். நீங்கள் ஒட்டிய ஸ்டிக்கர் பிளாஸ்டிக் சமாச்சாரம். ஈரம் வெளியேறும் வழியை அது அடைத்துவிட்டது. போக இடமில்லாத ஈரத்தில் பூஞ்சை வளராமல் என்ன செய்யும்? ஸ்டிக்கர் என்றில்லை, வாட்டர்புரூஃப் பெயின்ட் என்று சொல்லி உள்பக்கமாக எதைப் பூசினாலும் இதே கதைதான். காசு போவது ஒரு பக்கம், மாமியாருக்கு வீசிங் இருக்கும் வீட்டில் பூஞ்சையை வைத்திருக்கவே கூடாது.

இந்த ஞாயிறு ஸ்டிக்கரை முழுக்க உரித்துவிடுங்கள். காய்ந்தபடி சுரண்டினால் பூஞ்சைத் தூள் அறை முழுக்கப் பறக்கும். தண்ணீர் தெளித்து, மாஸ்க் போட்டுக்கொண்டு சுரண்டுங்கள். உப்பிய பெயின்டும் பொதபொதப்பான பூச்சும் கையோடு வந்துவிடட்டும். ஈரம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுத் தேதியையும் எழுதிவையுங்கள். மாமியார் அன்று நாத்தனார் வீட்டில் இருக்கட்டும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இந்த அளவு வீடுகளில் பெரும்பாலும் இருக்கும். இருந்தால், ஐந்து நாள் அந்தக் குளியலறையில் யாரும் குளிக்க வேண்டாம். அங்கே தண்ணீர் வரும் வால்வு மட்டும் திறந்தே இருக்கட்டும், சுவருக்குள் ஓடும் குழாயில் தண்ணீர் நிற்க வேண்டும். பென்சில் கோட்டுக்குள் ஈரம் கொஞ்சமாவது சுருங்கினால், டைல்ஸ் இடுக்கு வழியாகவோ தண்ணீர் போகும் ஜாலியைச் சுற்றியோ இறங்குகிறது என்று அர்த்தம். யாரும் குளிக்காமலேயே சுவர் அப்படியே நனைந்து நின்றால் சுவருக்குள் ஓடும் குழாயில் கசிவு இருக்கலாம். அது பிளம்பர் வேலை, நீங்கள் தொட வேண்டாம். குளியலறையே பக்கத்தில் இல்லை, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு வரிசையாகப் பொரிந்திருக்கிறது என்றால் அஸ்திவாரத்திலிருந்து ஓதம் ஏறுகிறது. அதற்கு ஓர் இன்ஜினீயரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். கடிதத்தில் வைத்தியம் சொல்கிற விஷயம் இல்லை அது.

டைல்ஸ் இடுக்குதான் காரணம் என்றால் நீங்களே சரிசெய்யலாம். இருபது வருஷப் பழைய வீட்டில் இடுக்கில் பூசிய வெள்ளைச் சிமெண்ட் எப்போதோ கரைந்து போயிருக்கும். பழையதை மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்காவது கூரான தகட்டால் கீறி எடுத்து, துடைத்து, இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு, எபாக்ஸி கிரவுட் (இடுக்கில் அடைக்கும் பிசின் கலவை) அடையுங்கள். டைல்ஸ் கடையில் கேட்டால் பொட்டலமாகத் தருவார்கள். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கலக்கிவிடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் இறுகிவிடும், டைல்ஸ் மேல் ஒட்டியது அப்புறம் லேசில் வராது. இரண்டு கை அளவு கலந்து, அடைத்து, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டு, அடுத்தது. ஒரு நாள் தண்ணீர் படாமல் இருக்கட்டும்.

டைல்ஸில் உப்புக்கறை போக ஆசிட் ஊற்றும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. கடப்பா கல்லும் மார்பிளும் சுண்ணாம்புக் கல் ஜாதி. ஆசிட் பட்டால் அரித்துச் சொரசொரப்பாகிவிடும். அதைவிட முக்கியம், ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் போட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தேய்ப்பவருக்கு மூச்சே அடைத்துவிடும்.

ஈரம் வருவது நின்ற பிறகும் சுவர் காய நாளாகும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று தோராயமாகச் சொல்வோம். திருச்சி வெயிலில் கொஞ்சம் சீக்கிரம் காயும், ஆனால் நடுவில் அடைமழை வருகிறது. மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள், கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்கள். தை பிறந்ததும் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை ஓர் அடிச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து உரித்துப் பாருங்கள். சுவரைத் தொட்ட பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். காய்ந்திருந்தால் பூச்சைச் சரிசெய்து பெயின்ட் அடிக்கலாம். மாசி, பங்குனி அதற்கு அருமையான மாதங்கள். நீங்கள் பார்த்த வீடியோவில் இந்தக் காத்திருப்பை எல்லாம் வெட்டி எறிந்திருப்பார்கள்.

சரி, பொங்கலுக்குள் முடிகிற வேலைக்கு வருவோம். ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அது, நீங்கள் அதிகம் உட்கார்வதும் அங்கேதான். புரட்டாசி முடிவதற்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசியில் பெயின்ட் வேலை வைக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான், 2011-ல் என் சொந்த வீட்டில் தீபாவளிக்கு முன்னால் பட்டி பார்த்தேன். நான்கு நாள் விடாத மழை. காயாத பட்டி மேல் அவசரமாகப் பெயின்ட் அடித்தேன். தீபாவளியன்று வந்த மாமியார் நகத்தால் லேசாகச் சுரண்ட, தோசை மாதிரி உரிந்து வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை.

ஹால் அளவு நீங்கள் தரவில்லை. 10-க்கு 14 என்று வைத்துக்கொள்கிறேன். பத்தடி உயரத்தில் கதவு ஜன்னல் போக 400 சதுர அடிச் சுவர். சாதாரண எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயின்ட்) ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி வரும். ஆக நான்கு லிட்டர் எமல்ஷன், நான்கு லிட்டர் பிரைமர் என்ற அடிப்பூச்சு, ஐந்து கிலோ பட்டி, ரோலர், பிரஷ், உப்புத்தாள், மாஸ்கிங் டேப். எல்லாம் சேர்த்து நான்காயிரத்துக்குள் முடிக்கலாம். விலை உயர்ந்த பெயின்டை வாங்கச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்துவார். ஆறு வயதுப் பையன் கிரேயான் வைத்திருக்கும் வீட்டில், கழுவக்கூடிய எமல்ஷன் போதும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. ஈரக் கையால் ஹால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் மாவு மாதிரி வந்தால் பழையது டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு. அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சுரண்டி எடுக்காமல் எமல்ஷன் அடித்தால், அதுவும் ஒரு வருஷத்தில் ஏடு ஏடாக வரும். கையில் ஒன்றும் ஒட்டாவிட்டால் பாதி வேலை மிச்சம். அழுக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும்.

நான்கு ஞாயிறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் கழுவுவது, சுரண்டுவது. இரண்டாம் வாரம் வெடிப்பிலும் ஆணி ஓட்டைகளிலும் மட்டும் பட்டி. சுவர் முழுக்கப் பட்டி பார்க்க ஆசைப்படாதீர்கள். அது பழகிய கைக்கு வருகிற வேலை, பழகாத கை பார்த்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் மேடும் பள்ளமும் தெரியும். மூன்றாம் வாரம் பட்டி போட்ட இடங்களில் உப்புத்தாள் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் எடுத்து, பிரைமர். நான்காம் வாரம் காலையில் ஒரு கோட், நான்கு மணி நேரம் விட்டு மாலையில் இன்னொரு கோட். ஒரு சுவரில் கை வைத்தால் மூலையிலிருந்து மூலை வரை முடித்துவிட்டுத்தான் சாப்பிட எழுந்திருக்க வேண்டும். நடுச்சுவரில் நிறுத்தினால் அந்த இடம் பட்டையாகக் காய்ந்து, அப்புறம் எத்தனை கோட் அடித்தாலும் தெரியும். நிறம் கலந்து வாங்கினால் எல்லா டின்னையும் ஒரே நாளில் வாங்கி, ஒரு வாளியில் ஊற்றிக் கலக்கி அடியுங்கள்.

இடையில் வரும் வார நாட்களில் ஹால் வழக்கம்போல் புழங்க வேண்டும். அதனால் சோபா, டிவி ஸ்டாண்ட் எல்லாவற்றையும் ஞாயிறு காலை நடுவில் இழுத்து, பழைய ஃபிளக்ஸ் பேனரால் மூடி, ராத்திரி திரும்ப இடத்தில் வைத்துவிடுங்கள். தேர்தல் முடிந்த ஊரில் ஃபிளக்ஸுக்குப் பஞ்சமில்லை. அதைவிட நல்ல விரிப்பு கடையில் கிடையாது.

சீலிங்கை நீங்கள் அடிக்க வேண்டாம். அண்ணாந்தபடி ரோலர் ஓட்டினால் அரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு ஏறி இடுப்பு உடைந்தவர்களை எனக்குத் தெரியும். மூன்றாம் வாரம் பிரைமருக்கு முன்னால் ஒரு பெயின்டரை ஒரு நாள் கூலிக்கு வைத்து சீலிங்கை முடித்துவிடுங்கள். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ஆகும், ஆகட்டும். அன்று அவர் பிரஷ்ஷை எப்படிப் பிடிக்கிறார், ஓரம் எப்படி இழுக்கிறார் என்று கணவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஜன்னல் விஷயத்தில் உங்கள் கணவரை நினைத்துத்தான் எனக்குக் கொஞ்சம் பயம். இரும்பு வேலை தெரிந்தவர், கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டிப் பத்து நிமிஷத்தில் பழைய பெயின்டை எடுத்துவிடலாம் என்று நினைப்பார். வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-ல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உங்கள் ஜன்னலில் இருப்பது 2005 எனாமல். அதில் ஈயம் இருக்கலாம் என்று எண்ணித்தான் நடந்துகொள்ள வேண்டும். கிரைண்டர் போட்டால் அந்தத் தூசி தரையில் படியும், பையன் கை வழியாக வாய்க்குப் போகும். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் உலோகம் அது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேயுங்கள். உரிந்து நிற்பதை மட்டும் எடுத்தால் போதும், கெட்டியாகப் பிடித்திருப்பதைச் சொரசொரப்பாக்கி மேலேயே அடிக்கலாம். கீழே விழுந்ததைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். துரு தெரியும் இடத்தில் ரெட் ஆக்சைடு என்ற துரு தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் எனாமல். இதை உங்கள் கணவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எனாமல் வாடை இரண்டு நாள் நிற்கும், மாமியாருக்கு அந்த வாரமும் நாத்தனார் வீடுதான்.

சமையலறையில் அவர் கைவரிசையைக் காட்டலாம். கான்ட்ராக்டர் சொன்ன 1,80,000-ல் பெரும்பகுதி மாடுலர் கிச்சனுக்காகத்தான் இருக்கும். கடப்பா அலமாரியை இடித்துவிட்டு பிளைவுட் பெட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கடப்பா நனையும், காயும், கரையான் ஏறாது, இருபது வருஷம் தாங்கிவிட்டது, இன்னும் தாங்கும். உங்களுக்குத் தேவை கதவு மட்டும்தான். முக்கால் அங்குல ஸ்கொயர் டியூபில் சட்டம் பற்றவைத்து, பிவிசி ஷீட்டோ ஏசிபி ஷீட்டோ (நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகடு) வெட்டிப் பொருத்தி, கீல் போட்டு மாட்டிவிடலாம். மேடைக்குக் கீழே நான்கு கதவு, ஐயாயிரத்துக்குள் முடியும். வெல்டிங்கை யூனிட்டில் வைத்தே செய்துகொண்டு வந்தால், வீட்டில் மாட்டுவது ஒரு ஞாயிறு. கேஸ் சிலிண்டர் இருக்கும் பகுதியின் கதவில் மட்டும் கீழ்ப்பக்கம் நல்ல காற்றுத் துளைகள் வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். மேலே துளை போட்டுப் பிரயோஜனமில்லை.

சுவரில் கீல் சட்டத்துக்கு டிரில் போடும்போது சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் போட வேண்டாம். வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். வயரிங்கில் எதையும் மாற்ற வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியன். மொட்டை மாடி வெடிப்பும் அப்படித்தான். சீலிங்கில் எங்காவது காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அதை முதலில் இன்ஜினீயரிடம் காட்டுங்கள்.

வார நாள் ராத்திரிகளில் பெரிய வேலை எதையும் தொடாதீர்கள். டியூப்லைட்டைக் கழற்றி 20 வாட் எல்ஈடி மாட்டுவது, தொங்கும் கதவுக் கீலை முறுக்குவது, கீச்சிடும் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுவது, அரை மணி நேரத்துக்கு மேல் போகாத வேலைகள் போதும். மகளுக்குப் பத்து வயது, டேப் பிடித்து அளந்து நோட்டில் எழுதும் பொறுப்பை அவளிடம் விடுங்கள். பெயின்ட் கடையில் நீங்கள் தடுமாறும்போது அந்த நோட்டு பேசும்.

பணத்தைப் பார்ப்போம். ஹாலுக்கு சீலிங் கூலியோடு 5,500. குளியலறை இடுக்குகளுக்கு 1,500, ஜன்னல்களுக்கு 1,500, சமையலறைக் கதவுகளுக்கு 5,000, விளக்குகளுக்கு 1,200, மாசியில் படுக்கையறைச் சுவருக்கு 1,500. மொத்தம் 16,200. கடைக்குக் கடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மிச்சத்தில் 5,000 ரூபாயைப் பிளம்பருக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். சுவருக்குள் குழாய் கசிகிறது என்று தெரிந்தால் அது உடனே தேவைப்படும். அதற்கு மேல் இருக்கும் மூவாயிரத்துச் சொச்சத்தை மறந்துவிடுங்கள். பாதி வேலையில் ஆசை வரும், ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் தங்க நிற டெக்ஸ்சர் அடிக்கலாமா என்று கேட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். என் பதில் இப்போதே: வேண்டாம்.

அப்புறம், ஹால் முடிந்ததும் மீதமாகும் பெயின்டைக் கொட்டிவிடாதீர்கள். டின்னில் விட்டால் ஏடு கட்டிவிடும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கழுத்து வரை ஊற்றி இறுக்கி மூடி, மேலே ஷேட் நம்பரையும் தேதியையும் எழுதி, பையனுக்கு எட்டாத பரணில் வையுங்கள். கிரேயான் அழியாத இடத்தில் தொட்டுவிட உதவும்.